பெருமாள் பீச்சுக்கு வந்திருக்கார்!

நெய்வேலியில் எல்லாம் உண்டு. பழுப்பு நிலக்கரி உண்டு. கரண்ட் உண்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம், 'நீங்க எந்த வட்டம் சார்?' என்று ஆரம்பித்து ஜாதகம் வரைக்கும் போகிற விசாரிப்பு, எல்லாமே உண்டு. (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் வட்டம் என்றால் தாலுகா இல்லை. டவுன்ஷிப்பின் பிளாக்.) இல்லாதது ஒன்றே ஒன்றுதான். கடல்!

1957-ம் வருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அவ்வளவு பெரிய மனுஷர் வந்த இடத்தில், கையோடு கையாக ஒரு பீச்சுக்கும் சாங்ஷன் வாங்கியிருக்கலாம். கோட்டை விட்டுவிட்டார்கள். விளைவு, நெய்வேலிக்காரன் கடல் பார்க்க வேண்டுமென்றால் வடலூர், குறிஞ்சிப்பாடி என்று பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு கடலூர் போகவேண்டும்.

சாதாரண நாளில் இப்படிப் போகிறவர்கள் இரண்டே வகை. காதலர்கள், கலெக்டர் ஆபீஸில் காரியம் உள்ளவர்கள். மாசி மகத்தன்று மட்டும் ஊர் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி மேற்கே விருத்தாசலத்துக்கு. மணிமுத்தாற்றில் முழுக்கு, விருத்தகிரீஸ்வரர் தரிசனம். காசியைவிட அங்கே வீசம் புண்ணியம் அதிகம் என்பார்கள். நான் பி.காம். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6.25 சதவீதம். இந்தக் காலத்தில் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கே அவ்வளவு கிடைத்தால் யோகம்தான்!

இன்னொரு பாதி கிழக்கே, கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு. நான் அந்தக் கட்சி. புண்ணியத்துக்காக இல்லை. வருஷத்தில் ஒரு நாள், கோயிலில் இருக்கிற சாமியெல்லாம் கிளம்பிக் கடற்கரைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

*

தேவனாம்பட்டினம் என்றால் சிலருக்குப் புரியாது. சில்வர் பீச் என்றால் புரியும். வெள்ளைக்காரன் 1690-ல் விலைக்கு வாங்கி செயின்ட் டேவிட் கோட்டையை வைத்துக்கொண்ட இடம். கோட்டை இடிந்துவிட்டது. மீனவர் குப்பம் இருக்கிறது.

மகத்தன்று விடியற்காலையிலிருந்தே டிராக்டர், மினி லாரி, தோள் என்று கிடைத்த வாகனத்தில் சாமிகள் வந்து இறங்க ஆரம்பிக்கும். திருவந்திபுரம் தேவநாத சுவாமி வருவார். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் வருவார். பேர் தெரிந்த சாமி, பேர் தெரியாத கிராமத்து அம்மன், பிள்ளையார், முருகன் எல்லாரும் வரிசையாகக் கீற்றுப் பந்தலில் கடலைப் பார்த்தபடி இருப்பார்கள். சைவம், வைஷ்ணவம் எல்லாம் அன்றைக்கு ஒரே மணலில். ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தையின் சட்டைக் கலரும் அர்ச்சனை விவரமும் மாறி மாறி வரும். ராட்டினம், பஞ்சு மிட்டாய், பிளாஸ்டிக் துப்பாக்கி. மொட்டை போட்ட தலைகளில் சந்தனம்.

தீர்த்தவாரி என்பது கடலில் சாமி குளிப்பது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உற்சவர் பந்தலை விட்டு இறங்கமாட்டார். பெருமாள் சார்பில் சக்கரத்தாழ்வாரும், சிவன் சார்பில் அஸ்திரதேவரும்தான் அலையில் முங்கி எழுவார்கள். ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பெரிய அதிகாரி ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தால் காரில்தான் இருப்பார். டேப்பைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்குவது அசிஸ்டென்ட்!

சக்கரத்தாழ்வார் முங்குகிற அதே நிமிஷத்தில் ஜனம் மொத்தமும் வேட்டி, புடவையோடு கடலுக்குள் பாயும். பாய்ந்துவிட்டு வெளியே வந்து, 'உப்பு பிசுபிசுக்குதே' என்று அடிபம்பைத் தேடி ஓடும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு விஷயத்தை நான் நாலைந்து வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். கோயிலில் சாமி வீட்டுக்காரர், நாம் விருந்தாளி. கதவு எப்போது திறக்கும், யார் எங்கே நிற்கலாம் என்பதெல்லாம் அங்கே வேறு யாரோ முடிவு பண்ணுவார்கள். கடற்கரையில் கதை தலைகீழ். மணல் மீனவர்களுடையது. சாமிதான் கெஸ்ட். பந்தலுக்கு இடம் காட்டுவதும், கூட்டத்தை ஒதுக்குவதும், ஆழத்துக்குப் போகிற அசட்டுப் பையன்களைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வருவதும் குப்பத்து இளைஞர்கள்தான். அந்த ஒரு நாள் அவர்கள் நடையே வேறு மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் பெண்ணின் அண்ணன் நடப்பானே, அந்த மாதிரி.

*

கல்யாண வீடு என்று சும்மா சொல்லவில்லை. காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்துக்கு ஒரு மாசி மகத்தன்று போய்ப் பாருங்கள். திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் அங்கே கடலாட வருவார். அந்த ஊர் எல்லையில் அவர் பெருமாள் இல்லை. மாப்பிள்ளை! 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று மீனவ ஜனங்கள் கூப்பிடுகிற சத்தத்தில் நாதஸ்வரம் காணாமல் போய்விடும். மீனவர் தலைவனின் மகள் பத்மினியைப் பெருமாள் கல்யாணம் செய்துகொண்டார் என்பது அங்கே கதை. கதை என்று நாம் சொல்கிறோம். அவர்களுக்கு அது சம்பந்தம். திருக்கண்ணபுரம் போனால் உற்சவர் பக்கத்தில் பத்மினி நாச்சியாரும் இருப்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை மாமியார் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையை மீனவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பக்தியைவிட அதில் உரிமை அதிகம்.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொன்று உண்டு. ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி, சிதம்பரத்தைத் தாண்டி, கிள்ளை கடற்கரைக்கு வருவது. ஐம்பது கிலோமீட்டர் பயணம். ஊர் ஊராக மண்டகப்படி வாங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வருவார். அவர் கடலாடுகிற இடத்துக்குப் பேரே முழுக்குத்துறை. மீனவர் ஊர்.

அதற்கு முன்னால் கிள்ளை தைக்காலில் ஒரு நிறுத்தம். அங்கே தர்கா இருக்கிறது. தர்காக்காரர்கள் பெருமாளுக்கு மாலை, பட்டு கொண்டுவந்து கொடுப்பார்கள். பெருமாள் மாலை தர்காவுக்குப் போகும், அங்கே பாத்தியா ஓதுவார்கள். ஒரு நவாப்புக்குத் தீராத நோய் வந்து, பூவராகர் பிரசாதத்தில் குணமானது என்று இதற்குக் கதை சொல்கிறார்கள். நிலம் கொடுத்தார்கள், மானியம் கொடுத்தார்கள் என்று கதை நீளும். எனக்குக் கதையைவிடப் பிடித்தது அங்கே நடக்கிற காரியத்தின் சாதாரணத்தன்மை. யாரும் மைக் பிடித்து மத நல்லிணக்கம் என்று முழங்குவதில்லை. வருகிற விருந்தாளிக்கு மாலை போடுகிறார்கள். அவ்வளவுதான்.

இதெல்லாம் எத்தனை பழசு என்று கேட்பீர்கள். சாமிகளின் பயணம் எப்போது ஆரம்பித்ததோ, மீனவர்களின் கடல் பூஜை அதைவிடப் பழசு. சுமார் 2,000 வருஷத்துக்கு முந்திய பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்களின் லீவு நாளை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறார். பௌர்ணமி அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார்கள். மணலில் சுறாக் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை வரவழைத்துக் கும்பிடுவார்கள். தாழம்பூ சூடுவார்கள். கள் குடிப்பார்கள். (டாஸ்மாக் இல்லாத காலம், மன்னிக்கலாம்.) அதே பாட்டில் பாவம் தீரக் கடலில் குளிப்பதும், உப்பு போக நல்ல தண்ணீரில் குளிப்பதும் வருகிறது. நம்ம அடிபம்பு கேஸ் அப்போதே இருந்திருக்கிறது!

மாசி மகமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். வானத்தில் மக நட்சத்திரத்தோடு சந்திரன், கீழே கடல் பொங்கும் நாள். அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் கரையில் இருந்து கும்பிடுவது என்பது மீனவர் கணக்கில் பழைய ஏற்பாடு.

பௌர்ணமி என்றதும் இன்னொரு பௌர்ணமி ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் பௌர்ணமிதான்.

*

கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் செத்துப்போன சுனாமி அது. தேவனாம்பட்டினம் அடிவாங்கிய ஊர்களில் ஒன்று. அதற்கு அடுத்த மாசி மகம், இரண்டே பௌர்ணமி கழித்து 2005 பிப்ரவரியில் வந்தது.

இதை எனக்குக் கணக்குப் போட்டுச் சொன்னது ஒரு ஆயா. பந்தல் வரிசையெல்லாம் முடிகிற இடத்தில், கூட்டத்தை விட்டுத் தள்ளி, வலை காயப்போட்டிருக்கிற பக்கம் உட்கார்ந்திருந்தது. முன்னால் மணலைக் குவித்து, மேலே கொஞ்சம் சாமந்திப்பூ, ஒரு கற்பூரம். பக்கத்தில் எவர்சில்வர் சொம்பில் பால். காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. நான் குனிந்து கையால் மறைத்துக்கொண்டேன். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

"எந்த ஊரு தம்பி?"

"நெய்வேலி, ஆயா."

"எந்த வட்டம்?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கடற்கரையிலுமா! அப்புறம்தான் தெரிந்தது, ஆயா இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் மீன் கூடை கொண்டுவந்து விற்றவள். பதினாறாம் வட்டத்தில் யார் வீட்டில் சங்கரா வாங்குவார்கள், பத்தொன்பதாம் வட்டத்தில் யார் பேரம் பேசியே உயிரை வாங்குவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. ஷிப்ட் முடிகிற டைம் என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

கடலம்மாவைப் பற்றிக் கேட்டேன். எல்லாரும் பந்தலில் சாமி பார்க்கும்போது நீ மட்டும் இங்கே ஏன் என்றேன்.

"அந்தச் சாமி வரும், போவும். இவ இங்கயே கெடக்கறவதானே."

சுனாமி அன்றைக்குக் காலையில் ஆயா கூடையோடு டவுனுக்குப் போயிருந்தது. மகன் கடலில். படகில் இருந்தவர்களுக்கு அலை அடியில் போனதே சரியாகத் தெரியவில்லை. கரைக்கு வந்து பார்த்தால்தான் கரை இல்லை. "ஒலகத்துல கடலுக்குப் போனவன் சாவான், கரையில இருக்கறவ அழுவா. அன்னைக்கு மட்டும் மாறிப்போச்சு தம்பி. போனவன் வந்துட்டான். கரையில இருந்தவங்க போயிட்டாங்க." ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூல் லீவு. மணலில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தி. ஏழு வயசு. பாடி கிடைக்கவில்லை.

அப்புறம் ரொம்ப நாளைக்கு யாரும் படகைத் தொடவில்லை. பிடித்தாலும் வாங்க ஆளில்லை. மீன் பிணத்தைத் தின்றிருக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. "ஒங்க ஊர்ல கூடைய எறக்கவே வுடல. இருவது வருசமா எங்கிட்டயே வாங்கித் தின்ன வூடு, கதவச் சாத்திக்கிச்சு. அதுல தப்பில்ல. எனக்கே கொழம்பு எறங்கல."

அந்த வருஷ மாசி மகத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று கேட்ட பிறகு தோன்றியது. ஆயா அலட்டிக்கொள்ளவில்லை.

"இந்தப் பக்கம் திரும்பியே பாக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வூட்டுலயே படுத்துக்கிட்டேன். சண்டை. எனக்கும் அவளுக்கும் சண்டை. ஒரு பூ போடல. போடி நாயேன்னு கூடச் சொன்னேன்."

"அப்புறம்?"

"மறு வருசம் மருமவ கேக்கறா, கொழந்தைக்கு எங்க போயிப் படைக்கறதுன்னு. குழி தோண்டி வச்சிருக்கமா, அங்க போயி வெளக்கேத்த? ஒடம்பு அவகிட்டதான் இருக்கு. அவகிட்டதான் குடுக்கணும். வந்தேன்."

கற்பூரம் அணைந்துவிட்டது. ஆயா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அலைவரை போய், சொம்புப் பாலை ஊற்றியது. திரும்பி வந்து சொம்பைக் கவிழ்த்து மணலில் வைத்தது.

"இவளக் கும்பிடறேன்னு நெனச்சிக்காத. உள்ள இருக்கு பாரு என் பேத்தி, அதப் பாத்துக்கடின்னு சொல்லிட்டு வரேன்."

நான் படித்த படிப்பில் எல்லாக் கணக்குக்கும் இரண்டு பக்கம் உண்டு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், கடைசியில் டேலி ஆகவேண்டும். கடல் மீன் கொடுத்தது, ஆகவே நன்றி என்று பூஜையைப் பற்றி ரெடிமேடாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன். இந்தக் கட்டுரையையே அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன். ஆயாவின் சொம்புப் பாலை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஆயாவின் மகன் அப்போது அந்தப் பக்கம் வந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆள். ஃபைபர் படகு, ஜி.பி.எஸ்., மீன் கூட்டம் காட்டும் கருவி எல்லாம் வைத்திருக்கிறார். இவ்வளவு இருந்தும் படகுக்குப் பூ எதற்கு என்று கேட்டேன். சிரித்தார். "ஒங்களுக்கு பஸ்ல டிரைவர் முன்னாடி சாமி படம் எதுக்கு சார்? பிரேக் இல்லியா?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

*

ஆயா கடலை 'அவ' என்றது காதிலேயே இருந்தது. கடல் பெண் என்பது நமக்கு மட்டும் சொந்தமான எண்ணம் இல்லை. சீனாவில் ஃபூஜியன் கடற்கரை, தைவான், ஹாங்காங் என்று எங்கே மீனவர் இருந்தாலும் அங்கே மாட்சு என்று ஓர் அம்மன் இருக்கிறாள். ஹாங்காங்கில் தின் ஹாவ் என்று பேர். மெய்ஜோ தீவில் 960-ல் பிறந்த லின் மோ என்ற பெண் என்பார்கள். பிறந்தபோது அழவே இல்லையாம், அதனால் 'மோ', அதாவது மௌனம் என்று பேர். அப்பாவும் அண்ணன்களும் புயலில் சிக்கியபோது வீட்டில் கண்ணை மூடியபடியே அவர்களைக் காப்பாற்றப் போனாள் என்பது கதை. சின்ன வயசிலேயே போய்விட்டாள். அப்புறம் அம்மன் ஆகிவிட்டாள். அவர்கள் காலண்டரில் மூன்றாம் மாசம் 23-ம் தேதி பிறந்தநாள். அன்றைக்குப் படகுகளுக்குக் கொடி, பட்டாசு, அம்மன் ஊர்வலம் என்று அமர்க்களம். 2009-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு வித்தியாசம் கவனியுங்கள். அவர்கள் கும்பிடுவது கடலிலிருந்து காப்பாற்றும் பெண்ணை. நம் ஆயா பேசுவது கடலிடமே. அவர்கள் ஊரில் வக்கீல் உண்டு. இங்கே நேரே ஜட்ஜோடு சண்டை!

மாட்சுவுக்கு மிகப் பெரிய கப்பல் தளபதி ஒருவரே பக்தர். செங் ஹே. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1405-லிருந்து ஏழு தடவை பெரிய கப்பல் படையோடு நம் பக்கம் வந்து போனவர். புயலில் பாய்மரத்தின் உச்சியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, அம்மன் வந்துவிட்டாள் என்று புரிந்தது, கடல் அடங்கியது என்று 1431-ல் கல்வெட்டே வெட்டி நன்றி சொல்லியிருக்கிறார்.

இவருடைய இன்னொரு கல் இலங்கையில் காலி நகரத்தில் 1911-ல் கிடைத்தது. 1409-ம் வருஷத் தேதியிட்டது. மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில்... ஆமாம் சார், தமிழில்! தென்னிலங்கையின் தென்முனையில் இருந்த தேனாவரை நாயனாருக்கு. விஷ்ணு கோயில் அது. பிற்பாடு 1588-ல் போர்த்துக்கீசியர்கள் இடித்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய் என்று கிட்டத்தட்ட ஒரே பட்டியல். ஆடிட்டர் பார்த்தால் மெச்சிக்கொள்வார், பாரபட்சமே கிடையாது. கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது.

இதன் ஜாடையை இன்றைக்கும் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவுக்குப் போகலாம். அங்கே 1842-ல் கட்டி முடித்த மாட்சு கோயில் ஒன்று. அதே தெருவில் கொஞ்ச தூரத்திலேயே நாகூர் தர்கா. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன நம் தமிழ் முஸ்லிம்கள் 1828-30-ல், ஊரில் உள்ள நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியது. அப்போது அந்தத் தெருதான் கடற்கரை. கப்பலை விட்டு இறங்கியதும் சீனாக்காரர் இந்தப் பக்கம் போய் ஊதுவத்தி ஏற்றுவார். நம்மவர் அந்தப் பக்கம் போய் பாத்தியா ஓதுவார். உயிரோடு வந்து சேர்ந்துவிட்டோம் என்பதுதான் இரண்டு பேர் சொன்ன சேதியும். பிற்பாடு மண்ணைக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். இப்போது அங்கே நின்று பார்த்தால் கடல் தெரியாது, ஆபீஸ் கட்டடங்கள்தான் தெரியும். கோயிலும் தர்காவும் அப்படியே இருக்கின்றன.

*

கடல் தெரியாத ஊர் என்றதும் மறுபடி நெய்வேலி. நாங்கள் கடலைப் பார்க்கப் போவது இருக்கட்டும், கடல் எங்களைப் பார்க்க வந்த நாளும் ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30. 'தானே' புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறி நேரே உள்ளே வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. டவுன்ஷிப்பில் ரோட்டுக்கு ரோடு மரம் விழுந்து, ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலி மெழுகுவத்தி தேடியது. அன்றைக்கு யாரும் 'எந்த வட்டம்?' என்று கேட்கவில்லை. எல்லா வட்டமும் ஒரே மாதிரி இருந்தது.

நிஜத்தைச் சொன்னால் எங்கள் காலுக்குக் கீழேயும் ஒரு தண்ணீர் இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கிற ஊற்று. ராத்திரி பகலாக பம்ப் போட்டு அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். இறைக்கிற தண்ணீரில் ஊருக்குக் கொஞ்சம், ஆலைக்குக் கொஞ்சம். சுரங்கத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று பாசனத்துக்குப் போகும். மிச்சம் பரவனாற்றோடு சேர்ந்து கடலூர் பக்கம் கடலில் விழும். பெருமாள் வருஷத்துக்கு ஒரு தடவை கடலுக்கு வருகிறார். பெருமாள் ஏரித் தண்ணீர் அடிக்கடி வருகிறது!

இதை ஆயாவிடம் சொன்னேன். கடல் இல்லாத ஊர்க்காரன் என்று என்னை ரொம்பக் குறைவாக நினைத்துவிடக் கூடாதே என்ற எண்ணம்தான். ஆயா அக்கறையாகக் கேட்டுக்கொண்டது. இருபது வருஷம் மீன் விற்ற ஊருக்கு அடியில் இப்படி ஒரு சங்கதியா என்று அதற்கு ஆச்சரியம்.

"அதுக்கு என்னா செய்வீங்க?"

"பம்ப் வச்சி எறைப்போம், ஆயா."

"அது இல்ல. அதுக்கு எப்ப படைப்பீங்க?"

யோசித்தேன். ஆயுத பூஜை வரும். நெய்வேலியில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமாக இருக்காது. மாடி மாடியாக நிற்கிற ராட்சச மண்வெட்டி யந்திரத்துக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். லாரி, கன்வேயர், ஆபீஸ் டைப்ரைட்டர் இருந்த காலத்தில் டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் பொட்டு. பொரிகடலை எங்கள் வீட்டில் தீபாவளி வரைக்கும் வரும்.

"மோட்டாருக்குப் பொட்டு வைப்போம், ஆயா" என்றேன்.

"மோட்டாருக்கா?" என்று கேட்டது ஆயா. "தண்ணிக்கு?"

பந்தல் பக்கம் மேளம் ஓங்கியது. யாரோ ஒரு சாமி புறப்படுகிறார். ஆயா சொம்பை எடுத்து மணலைத் தட்டி இடுப்பில் வைத்துக்கொண்டது. நாளைக்கு விடியக் கருக்கலில் மகன் கடலுக்குப் போகிறான், ஏலத்துக்கு வந்தால் நல்ல சங்கராவாக எடுத்துத் தருகிறேன், பத்தொன்பதாம் வட்டத்துப் பேரமெல்லாம் என்னிடம் ஆகாது என்று சொல்லிவிட்டு, குப்பத்தைப் பார்க்க நடந்தது.